சாமி ஓய்வுக்குப் போன மூன்று வாரம்

எங்கள் கோயில் பங்குத்தந்தையான சாமியின் சாவிக்கொத்தில் 23 சாவிகள் இருந்தன. மேசையில் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்து எதற்குரியது என்று அவர் சொல்லச் சொல்ல, நான் துண்டுக் காகிதத்தில் எழுதி நூலால் கட்டினேன். 14 சாவிக்குப் பெயர் கிடைத்தது. மிச்சம் 9 எந்தப் பூட்டுக்கு என்று அவருக்கே தெரியவில்லை. "எனக்கு முன்ன இருந்த சாமி குடுத்தது டீச்சர். அவருக்கும் தெரியாது" என்றார். 27 வருடமாக அந்த 9 சாவியையும் சேர்த்தே சுமந்திருக்கிறார்.

இது நடந்தது 2023இல், இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டப்புறத்துக் கத்தோலிக்கப் பங்கு ஒன்றில். எந்த ஊர், எந்த மறைமாவட்டம் என்று எழுதப்போவதில்லை. சம்பந்தப்பட்ட எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள், கோபமும் இன்னும் முழுசாக ஆறவில்லை. நான் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். அப்போது, சாமிக்குத் துணையாக இருக்கும் பங்கு மக்கள் குழுவான அருட்பணிப் பேரவையின் செயலாளர். வயதான சாமி இருக்கிற பங்குக்காரர்களுக்கு இது உதவும் என்று நினைத்து எழுதுகிறேன். உங்கள் சாமிக்கு 70 தாண்டிவிட்டதென்றால் இப்போதே வாசியுங்கள்.

சாமிக்குச் சொந்த ஊர் மன்னார் பக்கம். அம்பிட்டிய குருமடத்தில் படித்தவர். எங்களிடம் வந்தது 1996இல். பொதுவாகச் சில வருடங்களுக்கு ஒருமுறை சாமிமாரை மாற்றுவார்கள். எங்கள் பங்குக்கு வர மட்டும் யாரும் ஆசைப்படவில்லை: ஒரு பெரிய கோயில், தோட்டங்களில் ஆறு சின்னக் கோயில், அதில் ஒன்றுக்கு வாகனமே போகாது. ஆக மாற்றல் பட்டியல் வரும், எங்கள் பங்கைத் தாண்டிப் போகும். நாங்களும் அதை ஒரு பெருமையாக எடுத்துக்கொண்டோம். 2022இல் பெற்றோல் இல்லாத மாதங்களில், 74 வயதில், குடையை ஊன்றிக்கொண்டு தோட்டத்தின் மேல் பிரிவான மேல் டிவிஷனுக்கு நடந்தே போய்ப் பூசை வைத்தார். 'நம்ம சாமிக்கு வயசே ஆகாது' என்று கதைத்துச் சிரித்தோம். அவர் மூச்சு வாங்க கோயில் படியில் உட்கார்ந்ததைப் பார்த்தவர்களும் அதைத்தான் சொன்னோம்.

2023 ஜனவரியில் அவருக்கு 75 முடிந்தது. பெப்ரவரி 27ந் திகதி ஆயர் இல்லத்திலிருந்து கடிதம் வந்தது. பணி விலகல் ஏற்றுக்கொள்ளப்பட்டது, மூன்று வாரத்தில் பங்கைப் புதியவரிடம் ஒப்படைக்கவும் என்று. அதை ஒரு கிழமை யாரிடமும் சொல்லவில்லை. மார்ச் 5 ஞாயிறு பூசை முடிந்து அறிவித்தல் வாசித்தார்: "சனிக்கிழமை கல்லறைத் தோட்டம் துப்புரவு, மண்வெட்டி கொண்டு வாங்க. மாதா சபைக் கூட்டம் அடுத்த ஞாயிறு. நான் 19ந் திகதி போறேன். எழுந்து நிற்போம்." இறுதி ஆசீர் வாங்கின பிறகுதான் பாதிப்பேருக்கு அவர் சொன்னது உறைத்தது.

தவக்காலம் நடந்துகொண்டிருந்தது. அந்த வருடம் உயிர்ப்பு ஞாயிறு (ஈஸ்டர்) ஏப்ரல் 9. பெரிய வெள்ளிக்குக்கூட அவரை வைக்கவில்லையே என்பதுதான் எங்கள் சனத்தின் முதல் ஆத்திரம். அடுத்தது வதந்தி. தோட்டத்தில் ஒரு துரையோ கணக்குப்பிள்ளையோ திடீரென்று போனால், பின்னால் ஒரு பெட்டிசம், அதாவது முறைப்பாட்டு மனு, இருக்கும் என்பது எங்கள் ஆட்களின் அனுபவம். அதே கணக்கைச் சாமிக்கும் போட்டார்கள். 'யாரோ பெட்டிசம் அடிச்சிருக்காங்க' என்று திங்கட்கிழமை கொழுந்து நிறுக்கும் இடத்தில் தொடங்கிய கதை, புதன்கிழமை 'காசு விஷயமாம்' என்று ஆகி என் வகுப்புக்கு வந்து சேர்ந்தது. 27 வருடம் அவர் கையால் நன்மை (நற்கருணை) வாங்கிய வாய்தான் இதையும் சொன்னது.

நாங்கள் என்ன செய்தோம்? நாங்களும் ஒரு பெட்டிசம் எழுதினோம். எழுதியது நான்தான், ஐந்து பக்கம். 'எங்கள் தந்தையைத் துரத்தாதீர்கள்' என்று தொடங்கியது. 812 கையெழுத்து. மாரியம்மன் கோயில் தலைவர்தான் முதலில் போட்டார், அதில் எனக்கு இன்றும் சந்தோஷம். ஆனால் என் வகுப்புப் பிள்ளைகளிடமும் வாங்கினேன், அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. மார்ச் 11 சனிக்கிழமை ஒரு வான் பிடித்து 14 பேர் ஆயர் இல்லத்துக்குப் போனோம். சாமியிடம் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பார் என்று பயம்.

ஆயர் வெளியூர் போயிருந்தார். ஆயருக்கு அடுத்த பொறுப்பில் இருக்கும் குருமுதல்வர் எங்களை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தார். ஐந்து பக்கத்தையும் பொறுமையாக வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "பணி விலகல் கடிதத்தை எழுதினது உங்க சாமிதான். அது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் தெரியாது. திரும்பி வரும்போது வானில் யாரும் வாய் திறக்கவில்லை. சாப்பாட்டுக்கு நிறுத்தவும் இல்லை.

அன்று இரவு சாமியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசவில்லை. "சட்டம் கேக்குது, எழுதினேன். கூடவே ரெண்டு வருஷம் தாங்கன்னும் எழுதினேன். அவங்க முதல் வரியை எடுத்துக்கிட்டாங்க, ரெண்டாவது வரியை விட்டுட்டாங்க" என்றார். 27 வருடத்தில் மன்னார்த் தமிழ் தேய்ந்து, அவரும் எங்களைப்போலத்தான் கதைப்பார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பிறகுதான் தேடினேன். திருச்சபைச் சட்டம் படித்த ஓர் இளம் சாமி தொலைபேசியில் விளக்கினார். 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 538ஆம் எண்ணில் மூன்றாவது பிரிவு: 75 வயது முடிந்த பங்குத்தந்தை பணி விலகலை ஆயரிடம் கொடுக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார். ஆளையும் இடத்தையும் பற்றிய சூழ்நிலை எல்லாவற்றையும் பார்த்து, ஏற்பதா தள்ளிப்போடுவதா என்று ஆயர் முடிவெடுக்க வேண்டும். அவருக்குத் தகுந்த பராமரிப்பும் இருப்பிடமும் கிடைக்கச் செய்வதும் ஆயர் பொறுப்பு. ஆயர்களும் 75இல் இதேபோலத் திருத்தந்தையிடம் கடிதம் கொடுக்கத்தான் வேண்டும். ஆக இது எங்கள் சாமிக்கென்று செய்த அநியாயம் இல்லை.

பங்கிலிருந்து நீக்குவது வேறு விஷயம். அது 1740ஆம் எண்ணிலிருந்து தொடங்கும். அதற்குக் காரணம் காட்ட வேண்டும், வேறு இரண்டு பங்குத்தந்தையரோடு ஆயர் கலந்துபேச வேண்டும், விலகுவதற்கு 15 நாள் தவணை கொடுக்க வேண்டும். எங்கள் சனம் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால்தான் 'காசு விஷயமாம்' என்ற கதையே பிறந்தது. இன்னொன்றையும் முதலிலேயே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் சாமி மறைமாவட்டக் குருவா, துறவற சபைக் குருவா? சபைக் குரு என்றால் அவரை அழைத்துக்கொள்ள அவருடைய சபைத் தலைவருக்கும் அதிகாரம் உண்டு. அதேபோலத் திரும்பிப் போக அவருக்கு ஒரு சபை வீடும் உண்டு. மறைமாவட்டக் குருவுக்கு அப்படி ஒரு வீடு தானாக அமைந்துவிடாது.

தவணைதான் எங்களைக் கவிழ்த்தது. ஆயரின் ஆணையை மாற்றச் சொல்லிக் கேட்பதென்றால், ஆணை கையில் கிடைத்து 10 நாளுக்குள் எழுத்தில் ஆயரிடமே கேட்க வேண்டும். அதைக் கேட்க வேண்டியதும் முதலில் பாதிக்கப்பட்டவர்தான், அதாவது சாமி. சாமி ஒரு கிழமை மௌனமாக இருந்தார், நாங்கள் ஆறு நாள் கையெழுத்துச் சேர்த்தோம். வானில் ஏறும்போதே நாள் கடந்துவிட்டது. பங்கு மக்கள் தங்கள் கருத்தை மேய்ப்பர்களுக்குச் சொல்ல 212ஆம் எண்ணில் உரிமை இருக்கிறது, அதற்குத் தவணை இல்லை. ஆனால் அது கருத்து, வழக்கு இல்லை. அந்த இளம் சாமி சொன்னதில் என் மனதில் பதிந்தது இது: "ஒரு பக்கத்தில் மூன்று விஷயம் கேட்டிருந்தால் ஒன்றாவது கிடைத்திருக்கும். நீங்கள் ஐந்து பக்கத்தில் ஒன்றே ஒன்றைக் கேட்டிருக்கிறீர்கள், அதுவும் கொடுக்க முடியாதது."

சரி என்று இரண்டாவது கடிதம் எழுதினோம். இந்த முறை சாமிக்கு வாசித்துக் காட்டி, ஒரே பக்கம். உயிர்ப்புத் திருநாள் முடியும்வரை அவரை விடுங்கள். ஓய்வு இல்லத்தில் படி ஏறாத அறை கொடுங்கள். வயது காரணமாகவே போகிறார் என்று உங்கள் கையெழுத்தோடு ஒரு கடிதம் தாருங்கள், எல்லாக் கோயிலிலும் வாசிக்கிறோம். முதலாவது கிடைக்கவில்லை. புதியவர் தன் பழைய பங்கை ஏற்கெனவே ஒப்படைத்துவிட்டாராம். மற்ற இரண்டும் கிடைத்தன. அந்தக் கடிதத்தை ஏழு கோயிலிலும் வாசித்த ஞாயிறோடு பெட்டிசக் கதை செத்தது. முதல் நாளே இதைக் கேட்டிருந்தால் அந்த வாய்களெல்லாம் அவ்வளவு தூரம் போயிருக்காது. ஆயர் இல்லத்தின் மேல் எனக்கு இன்னும் ஒரு குறை உண்டு. சட்டம் 'ஆளையும் இடத்தையும் பார்' என்கிறது. 27 வருடம் இருந்த மனிதரைப் பெரிய வாரத்துக்குப் பதினைந்து நாள் முன்னால் கிளப்பியவர்கள் நாட்காட்டியைக்கூடப் பார்க்கவில்லை.

அப்புறம் ஒப்படைப்பு. உண்மையான வேலை இங்கேதான் இருந்தது. பங்கில் பாதி அவர் தலைக்குள் இருந்தது, அதை வெளியே எடுக்க எங்களுக்குக் கிடைத்தது எட்டு நாள்.

முதலில் பதிவேடுகள். மற்ற இடங்களில் ஞானஸ்நானப் பதிவேடு கோயில் சமாச்சாரம். எங்களுக்கு அது அதைவிடப் பெரிசு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரான எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. இந்தியாவோடு செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு எத்தனையோ குடும்பங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறின. மிச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல் வந்தபோது, 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே இருந்தவர் அல்லது அவர் வழி வந்தவர் என்பதுதான் அளவுகோல். பிறப்புச் சான்றிதழ் இல்லாத கிழவிகள் சாமி தங்கும் மிஷன் வீட்டு இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) வரிசையாக உட்கார்ந்திருந்தது எனக்கு நல்ல ஞாபகம். சாமி பழைய புத்தகங்களைப் புரட்டி, கிளார்க்குமார் கண்டபடி எழுதிவைத்த பெயர்களுக்குள் அவர்களுடைய அப்பாமாரைத் தேடிப்பிடிப்பார். 'இந்த அந்தோணியும் அந்த அந்தோனிமுத்துவும் ஒரே ஆள், கீழ் லயம்' (லயம் என்றால் தொழிலாளர் வரிசை வீடு) என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். அந்த எட்டு நாளில் உபதேசியாரும் நானும் பென்சிலோடு உட்கார்ந்து, அவர் சொன்ன திருத்தங்களைத் தனிக் கொப்பியில் பக்க எண் போட்டு எழுதினோம். பதிவேட்டிலேயே எழுத அவர் விடவில்லை. 'அது சாட்சி, அதுல கை வைக்கக் கூடாது' என்றார். நான்கு புத்தகம் முடிந்தது, ஐந்தாவதுக்கு நேரம் இல்லை. பத்து வருடத்துக்கு முன்பே பின்னேரங்களில் உட்கார்ந்து செய்திருக்கலாம். நீங்கள் செய்துவிடுங்கள்.

பிறகு பூசைக் கருத்துப் புத்தகம், யார் என்ன வேண்டுதலுக்குப் பூசை கேட்டார்கள் என்று எழுதுவது. காசு வாங்கி இன்னும் ஒப்புக்கொடுக்காத பூசைகள் 43 இருந்தன, உறைக்குள் பெயரும் காசும் அப்படியே. அதில் 11ஐத் தானே வைப்பதாக எடுத்துக்கொண்டார், மிச்சம் 32ஐ எண்ணிக் கையெழுத்து வாங்கிப் புதியவரிடம் கொடுத்தார். கோயில் வங்கிக் கணக்கில் கையெழுத்து மாற்ற வங்கி பேரவைத் தீர்மானத்தின் பிரதி கேட்டது. எங்களிடம் கூட்டக் குறிப்பே ஆறு மாதமாக எழுதப்படாமல் கிடந்தது. அந்தக் குற்றம் முழுக்க என்னுடையது.

பிரிஜ்தான் சண்டையைக் கொண்டுவந்தது. டுபாயில் வேலை செய்யும் ஒரு பையன் வாங்கிக் கொடுத்தது. அவன் அம்மா 'சாமிக்குத்தான் குடுத்தோம், அவரோடயே அனுப்புங்க' என்றார். பேரவையில் இருவர் கோயில் சொத்து என்றார்கள். சட்டத்தில் இதற்கும் எண் இருக்கிறது, 1267: பொறுப்பில் இருப்பவரிடம் கொடுக்கும் காணிக்கை, வேறு விதமாக நிரூபிக்கப்படாவிட்டால், நிறுவனத்துக்கே கொடுத்ததாகக் கருதப்படும். அம்மா சண்டைக்கு ஆயத்தமாக நின்றார். சாமி, "எனக்கு அங்க ஒரு அறைதான். பிரிஜை வச்சா நான் வெளிய படுக்கணும்" என்று சொல்லி முடித்துவைத்தார். ஏதாவது வாங்கிக் கொடுக்கும்போது, சாமிக்கா கோயிலுக்கா என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் இந்தக் கூத்து தேவையில்லை.

ஒரு சி.ஆர். கொப்பியை மட்டும் எனக்குக் காட்டிவிட்டுப் பெட்டியில் வைத்துக்கொண்டார். பெயர், தொகை, திகதி. கொடுத்த கடன்கள். பிள்ளைக்குப் பாடசாலைச் சப்பாத்து, கண்டி ஆஸ்பத்திரிக்கு வான் கூலி, அடகு நகை மீட்க. எல்லாம் அவருடைய சொந்தக் காசு. புரட்டியபோது என் அண்ணன் பெயர் கண்ணில் பட்டது. 2009, 4,000 ரூபா, வெட்டவில்லை. "இது ஒப்படைப்பில வராது டீச்சர்" என்றார். அண்ணனிடம் கேட்டேன். அடுத்த நாள் காலையில் போய்க் கட்டிவிட்டு வந்தான். சாமி வாங்க மறுத்து, பிறகு வாங்கினாராம்.

எங்கள் தோட்டத்துப் பெண்கள் திரும்பத் திரும்பக் கேட்டது, 'சாமிக்கு இ.பி.எப். வராதா?' என்பதுதான். வேலைசெய்பவர்களுக்கு உள்ள ஊழியர் சேமலாப நிதியைத்தான் அப்படிச் சொல்வோம். என் அம்மா 50 வயதில் சேமலாப நிதியை எடுத்துத்தான் லயத்துக்கு முன்னால் இரண்டு காம்பரா (அறை) இழுத்துக் கட்டினார். அரசாங்கப் பாடசாலையில் படிப்பித்த சாமிமாருக்கு ஓய்வூதியம் உண்டு, எங்கள் சாமி படிப்பிக்கவில்லை. மறைமாவட்டம் தருவதுதான். ஊருக்குப் போகலாமே என்றால், 1990இல் அண்ணன் தம்பி குடும்பங்கள் படகேறி இந்தியாவுக்குப் போனதோடு அங்கே யாரும் இல்லை. இதையெல்லாம் அவர் பெட்டி கட்டும்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டோம். மருந்து யார் வாங்குவது, கிளினிக் எங்கே என்று பேசியதும் அப்போதுதான். சர்க்கரை, பிரஷர் இரண்டுக்கும் எங்கள் ஆஸ்பத்திரியில் கிளினிக் கொப்பி இருந்தது. டொக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி, இரண்டு மாத மருந்தோடு அனுப்பினோம். அந்த மூன்று வாரத்தில் நாங்கள் ஒழுங்காகச் செய்தது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

பிரியாவிடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீட்டினால் அழுகை வரும். தவக்காலம், மேளம் வேண்டாம் என்றார். மேளம் வைக்கவில்லை, பேச்சு வைத்தோம். 19 பேர் பேசினார்கள். ஒவ்வொருவரும் பொன்னாடை போர்த்தினார்கள். இரண்டரை மணி நேரம் மேடையில், கழுத்துவரை துணியோடு, சர்க்கரை வியாதிக்காரர். நடுவில் உபதேசியாரின் காதில் ஏதோ சொன்னார். பாத்ரூமுக்குப் போக வேண்டும். மேடையிலிருந்து இறங்கி, கும்பிட்டுக் காலில் விழ வந்த சனத்தைத் தாண்டிப் போக அவருக்குப் பத்து நிமிடம் எடுத்தது. நான் ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் நின்று அடுத்த பேச்சாளரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

போன பிறகும் பிழை விட்டோம். முதல் மாதம் ஒரு பஸ் நிறைய 40 பேர் ஓய்வு இல்லத்துக்குப் போனோம். அங்கே பொறுப்பாக இருந்த சிஸ்டர், "அவர் நேற்றெல்லாம் தூங்கவில்லை, இப்போது நீங்கள் 40 பேர்" என்று ஏசினார். நியாயமான ஏச்சு. இப்போது மாதத்தில் இரண்டு பேர் முறைபோட்டுப் போகிறோம். ஜூன் மாதம் ஒரு கலியாணம். பெண் வீட்டார் பழைய சாமியைத்தான் கூப்பிட வேண்டும் என்று அவரிடம் நேரே சொல்லிவிட்டார்கள், புதிய சாமிக்குச் சொல்லவில்லை. பங்குக் கோயிலில் கலியாணம் வைக்க அவர் இப்போது பங்குத்தந்தை இல்லை. புதியவரோ ஆயரோ அதிகாரம் கொடுக்காமல் வைத்தால் கலியாணமே செல்லாது. பழைய சாமியே தொலைபேசி எடுத்து, "முதல்ல அவர்ட்ட போய்க் கேளுங்க" என்று அனுப்பினார். புதியவர் முகம் சுருங்கியது, ஆனால் எழுதிக் கொடுத்தார். அந்த மனிதரையும் நினைக்க வேண்டும். 'பழைய சாமி இப்படிச் செய்ய மாட்டார்' என்பதை ஒரு நாளைக்கு எத்தனை தரம் கேட்டிருப்பாரோ.

நவம்பரில் என் முறை வந்தது. கீழ் மாடி அறைதான், ஜன்னலுக்கு வெளியே ஒரு கொய்யா மரம். கொஞ்சம் மெலிந்திருந்தார். மேல் டிவிஷன் கோயில் கூரை ஒழுகுகிறதா என்று கேட்டார். பேசிக்கொண்டிருந்தவர் எழுந்துபோய் மேசை லாச்சியைத் திறந்து ஒரு சின்னச் சாவியை எடுத்தார். 24ஆவது சாவி. பழைய அங்கிப் பையில் கிடந்ததாம், பீடத்துக்குப் பின்னால் உள்ள அலுமாரிக்குரியதாம். அந்த அலுமாரியைப் புதிய சாமி ஏப்ரலிலேயே உடைத்துத் திறந்து வேறு பூட்டுப் போட்டுவிட்டார். நான் அதைச் சொல்லவில்லை. கையை நீட்டினேன்.

"அப்படியே எடுக்கப் பாக்குறீங்களே" என்று சொல்லிவிட்டு, ஒரு கொப்பியையும் பேனையையும் என் பக்கம் தள்ளினார். "ஒப்படைப்பு. திகதி போட்டு, கையெழுத்து வச்சிட்டு எடுங்க டீச்சர்."

வைத்தேன்.